எட்டு கிலோ

மார்ச் 4
என் சிறுநீரகம் தம்பி கருணாகரனுக்குப் பொருந்துகிறதாம். ஆஸ்பத்திரியிலேயே சிரித்துவிட்டேன். உடனே டாக்டர், "உங்க எடை அதிகம்மா. எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, அப்புறம்தான் ஆபரேஷன்" என்றார். எட்டு கிலோ என்ன பெரிய விஷயம்? வாயைக் கட்டினால் போச்சு.

மார்ச் 6
மீன் கூடையைத் தூக்கப் போனேன். கருணாவின் பெண்சாதி புஷ்பவல்லி பிடுங்கிக்கொண்டாள். "இன்னா அண்ணி நீ? அவுருக்கு உசுரு குடுக்கப்போற ஒடம்பு. கூடையத் தூக்கி இன்னாவது ஆயிட்டா?"
குப்பமே இதைத்தான் சொல்கிறது. டோல்கேட் வரைக்கும் நான் நடந்து விற்ற தெருக்களை அவளிடம் விட்டுவிட்டேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள், கல்யாணப் பெண் மாதிரி. வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் பெருமையாகவும்.

மார்ச் 27
மூன்று கிலோ குறைந்தது! காலையில் ஒரு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி மோர். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19
அதே எடை. சோற்றை நிறுத்திவிட்டேன்.

மே 2
அதே எடை. மெஷின்தான் கோளாறு என்று மருந்துக்கடையில் ஏறிப் பார்த்தேன், ஸ்டேஷனில் ஏறிப் பார்த்தேன். எல்லாம் ஒரே பாட்டு.
ஊருக்கே வெயில் கொளுத்துகிறது, எனக்குக் குளிர்கிறது. தலை வாரினால் கொத்தாக முடி. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைக்கு அழுகை வருகிறது. இத்தனை பட்டினி கிடக்கிறேனே, அதெல்லாம் எங்கே போகிறது?

மே 11
ஒரு கிலோ ஏறிவிட்டது. ஏறிவிட்டது!
கருணா டயாலிசிஸ் முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். "பரவால்லக்கா, மெதுவா கொறை" என்றான். அவன் படுத்ததும் புஷ்பவல்லி வந்தாள். "நெசமா சொல்லு அண்ணி. திருட்டுத்தனமா துன்றியா? குடுக்க இஷ்டம் இல்லன்னா வாய்வுட்டு சொல்லிடு."
கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் துன்னலடீ பாவி, சத்தியமா துன்னல! — இல்லை, என் உடம்புக்குத்தான் கொடுக்க மனசில்லையோ? எனக்குத் தெரியாமல் பயந்து பிடித்து வைத்துக்கொள்கிறதோ? என்னையே எனக்கு நம்ப முடியவில்லை.

மே 14
குழாயடியில் மயங்கி விழுந்தேன்.

மே 16
ஆஸ்பத்திரியில் சாப்பாடு எழுதிக் கொடுக்கும் பெண் மகிமா. திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். "நடமாட்டம் எப்படி?" என்று கேட்டாள். நாற்காலிக் கதையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.
"ரொம்பப் பட்டினி போட்டா ஒடம்பு பஞ்சம் வந்துடுச்சுன்னு நெனச்சுக்கும் வினிதாக்கா. செலவைச் சுருக்கிடும், பசியை ஏத்திவிடும். அதான் குளிரு, அசதி எல்லாம். ஏறின ஒரு கிலோ, பட்டினியில ஒடம்புல கோத்துக்கிட்ட தண்ணி. முன்ன கூடையோட நாளெல்லாம் நடந்தீங்க, அந்தச் செலவும் இப்ப இல்ல. இதுல உங்க மனசு என்ன தப்பு பண்ணுச்சு?"
மீன், முட்டை, சோறு, எல்லாம் அளவாகச் சாப்பிட வேண்டுமாம். நடக்க வேண்டுமாம். சாப்பிட்டால் குறையுமா? ஒன்றும் புரியவில்லை.
புஷ்பவல்லி பக்கத்திலேயே நின்று கேட்டாள்.

மே 17
காலையில் வாசலில் நாற்காலியைக் காணோம். இரண்டு கூடைகள் இருந்தன. மீன்பிடித் தடைக்காலம், இரண்டிலும் பாதிதான் மீன். "ஏந்திரு அண்ணி, போலாம்" என்றாள் புஷ்பவல்லி.

ஜூலை 9
குறைகிறது. ஆனால் நத்தை வேகம். சில வாரம் ஒன்றுமே இல்லை. ஏன் என்று மகிமாவைக் கேட்டால், "அப்படித்தான்க்கா" என்கிறாள். இது ஒரு பதிலா?

செப்டம்பர் 23
இன்னும் ஒரு கிலோ பாக்கி. டாக்டர் "இது போதும்" என்று சொல்லிவிட்டார். நாளைக் காலையில் ஆபரேஷன். கருணா பக்கத்து வார்டில் இருக்கிறான்.
ஆபரேஷன் முடியும்வரை இனி எதுவும் சாப்பிடக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டு புஷ்பவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். "இன்னும் எவ்ளோதான் அண்ணி ஒன்னப் பட்டினி போடுவாங்க?"