அண்ணாமலையார் வாங்கிய ஏழு கோல்

ஞாயிறு, பௌர்ணமிக்கு மறுநாள்

எங்கள் அடி அண்ணாமலை வீராதிவீரர்கள் இன்று கீழ்பென்னாத்தூர் அணியிடம் ஏழு கோல் வாங்கினார்கள். பந்தைக் கண்டு பின்வாங்கும் சேனையை மூவுலகமும் இன்றுதான் பார்த்தது.

உறுத்துவது அதுவல்ல. 'அண்ணாமலையார் கால்பந்துக் குழு' என்று பெயர் வைத்த மகான் நான்தான். அண்ணாமலையார் தோற்றார் என்று சொல்ல மைக் பிடித்தவருக்கு நா எழவில்லை. ஒவ்வொரு கோலுக்கும், "கீழ்பென்னாத்தூருக்கு அண்ணாமலையார் அருள்பாலித்தார்" என்றார். ஏழாவதுக்கு நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் வந்தான். என் அக்கா மகன்.

"மாமா, பேரை மாத்திடலாம்னு பசங்க சொல்றாங்க. லயன்ஸ்னு வெச்சுக்கலாமா?"

"நீங்க சிங்கமாடா? மலையில இருக்கிற குரங்குகூட உங்களவிட ஜாஸ்தி எகிறும். பேரு இருக்கட்டும், கோல்கீப்பரை மாத்து."

"சரி மாமா. அதை நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க."

கோல்கீப்பர் என் மகன். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அவனுக்கு முழங்கை இரண்டும் சிராய்த்திருந்தன.

"அப்பா, ஒரு பந்தைப் புடிச்சேனே, பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.

லயன்ஸ். சொல்லிப் பார்த்தால் அவ்வளவு மோசமான பெயராகத் தெரியவில்லை.