பத்தேகாலுக்கு இறக்கிவிட்டேன்

பைக் சீட்டைத் துடைக்க நீ கொடுத்த பேண்டேஜ் துணி இன்னும் டேங்க் கவருக்குள் இருக்கிறது. உன் தறியில் ஓரம் கெட்டுக் கழித்த துண்டு. இன்று காலை, உன் சாவு விசாரணைக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது கையில் வந்தது. பிளீச்சிங் வாடை போகவில்லை. துடைக்காமல் உள்ளேயே திணித்துவிட்டேன்.

நீ போய் நான்கு மாதம்.

முதல் வாரம் டிவியில் தினமும் உன்னைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் சட்டம் என்றார். இன்னொருவர் போலீஸின் மன அழுத்தம் என்றார். உன் பெயரை ஒருவர்தான் சரியாகச் சொன்னார். இரண்டு பேரை ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். ஸ்டேஷன் கேமரா அன்று பழுதாம். பிறகு வேறு செய்தி வந்துவிட்டது.

டீக்கடையில் ஒருவர், "சும்மாவா அடிப்பாங்க?" என்றார். சண்டைக்கு எழுந்திருக்க வேண்டும். முடியவில்லை. அதே பெஞ்சில் போன வருடம் நாமும் சிரித்திருக்கிறோம். செயின் பறித்த ஒருவன் கையில் மாவுக்கட்டோடு பேப்பரில் நின்றான். பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம். "எம்புட்டுப் பேரு வழுக்குனாலும் நமக்குத்தாம்லே பேண்டேஜ் ஆர்டரு" என்றாய். புரையேறும்வரை சிரித்தேன்.

உன்னைப் பற்றியும் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாய் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

நீ வேலை பார்த்த தறிக்கூடத்தில் மோட்டார் திருடு போயிருந்தது. ஸ்டேஷனிலிருந்து உனக்கு போன் வந்ததும் என்னிடம் வந்தாய். வேறு யாராயிருந்தாலும் வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். என் வீட்டில் சித்தப்பா ஏட்டு, பெரியப்பா மகன் பட்டாலியன். எனக்கு ஸ்டேஷன் என்பது சித்தப்பாவுக்கு டிபன் கேரியர் கொண்டுபோன இடம். ஆள் தேடி வருமுன் நாமே போய் நின்றுவிட வேண்டும், அதுதான் மரியாதை என்று கேட்டு வளர்ந்தவன். அதையே உனக்கும் சொன்னேன்.

"அம்மைட்ட சொல்லிட்டு வாரேன்."

"எதுக்குலே? மதிய ஷிப்டுக்கு வந்துருவ."

ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றினாய்.

"ஏலே, இது என்ன கோயிலா?"

"உள்ள போயிக் கும்பிடத்தான செய்யணும்."

பாராவில் நின்றவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீ ஏட்டையாவோட அண்ணன் மகன்தான? போ தம்பி, செத்த நேரத்துல அனுப்பிருதோம்."

போனேன். நீ மதியம் வருவாய் என்று உன் மேஸ்திரிக்கு மெசேஜ் போட்டேன். மணி பத்தேகால். இன்னும் என் போனில் இருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முகத்தை மட்டும் காட்டினார்கள்.

அவர்கள் ரெக்கார்டில், சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்து உன்னைப் பிடித்ததாக இருக்கிறது.

முந்தாநாள் சித்தப்பா வந்தார். அவர் இப்போது வேலை பார்ப்பது வேறு ஸ்டேஷன்.

"ஏலே, நீ கொண்டு விட்டத மட்டும் சொல்லிராத. பத்தேகால்னு சொன்னேன்னு வையி, ஆறு மணி வரைக்கும் அவன எங்க வச்சிருந்தீகன்னு கேப்பாக. அம்புட்டுப் பேரும் மாட்டுவாக."

"மாட்டட்டும் சித்தப்பா."

"நீ காலேஜுல படிச்சவன், பேசுவ. நாந்தான நாளைக்கு அவிய மூஞ்சில முழிக்கணும்?" பிறகு கேட்டார்: "நீதான் கூட்டிட்டுப் போனன்னு அவன் அம்மைக்குத் தெரியுமால?"

தெரியாது. போலீஸ் வந்து பிடித்துப்போனதாகவே அவள் நினைத்திருந்தாள். நான்கு மாதம் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடவே நின்றிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை என்று அவளிடமே கோபப்பட்டிருக்கிறேன். இதை மட்டும் சொல்லவில்லை.

இன்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன். போனைக் காட்டினேன். பாராவில் நின்றவர் என்னை எப்படி அடையாளம் கண்டார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சித்தப்பா பெயரையும் சொன்னேன். டைப் அடித்தார்கள், கையெழுத்துப் போட்டேன். அரை மணிகூட ஆகவில்லை. இதற்கா நான்கு மாதம் என்று எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

உன் அம்மா வெளியே பெஞ்சில் இருந்தாள். அவளிடமும் சொன்னேன்.

"நீயா?"

"நாந்தாம்மா. பைக்குல."

அடிப்பாள் என்று நினைத்தேன். மடியிலிருந்த பிளாஸ்டிக் பையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அன்னைக்கு வெறும் வயித்தோட போனான்யா. வழியில எதுவும் சாப்பிட்டானா?"

நீ சாப்பிடவில்லை. பஞ்சு மார்க்கெட் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னாய். ரெண்டு இட்லி தின்றுவிட்டுப் போவோம் என்றாய். லேட்டாகப் போனால் மரியாதையாக இருக்காது, முடித்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்றது நான்.

"சாப்பிட்டான்மா. இட்லி."

"எத்தன?"

"நாலு."

"ம்" என்றாள். "நாலு திம்பான்."

கொண்டுபோய் விடுகிறேன் என்று கூப்பிட்டேன். என் பைக்கில் ஏறவில்லை. ராஜபாளையம் பஸ்ஸில் போய்விட்டாள்.

கோர்ட்டில் நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. யாரும் இனி மாற்ற முடியாதபடி அது பேப்பரில் இருக்கிறது. வெளியே சொன்ன அந்த நாலு இட்லி மட்டும் என்னிடம் இருக்கிறது.