நான் வெட்டிய மூச்சுகள்

இன்று மத்தியானம் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் ஒரு சுற்றுலா வேன் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் வைத்துவிட்டு, அன்னாசிக் கடையருகே நான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். வேனிலிருந்து முதலில் அந்தத் தாள அடி வந்தது. பிறகு உன் குரல். நம் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு. காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஈரத் தலையோடு ஆடினார்கள். "யாருடா இது, மூச்சே விடாம பாடுது!" என்று ஒருவன் கத்தினான்.

நீ மூச்சு விட்டாய். அதை நான்தான் வெட்டி எடுத்தேன். அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது?

நான் மலையடிவாரத்து லாரிப் பட்டறைக்காரர் மகள். நீ மலைமேல் குண்டனி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடும் வீட்டுப் பெண். நாமக்கல் ஹாஸ்டலில் ஒரே அறை. நான் கம்ப்யூட்டரில் தாளம் கோத்துக்கொண்டிருந்தபோது ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேட்டாய். "இதென்ன புள்ள, எங்கூட்டுல சாமை குத்தற மாதிரியே இருக்குது. நிக்கவே மாட்டேங்குது" என்றாய். ஹவுஸ் இசைக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. மாறாத ஓர் அடி, அதன்மேல் நாலைந்து வரிகள், ஆடுகிறவர்களின் கால் நிற்கக் கூடாது. அன்றே அந்தத் தாளத்தின்மேல் இரண்டு வரி பாடிக் காட்டினாய். ரேடியோ செட் வாடகைக்கு விடும் முருகேசனும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் ஒரு குழுவானோம். இரண்டு வருடம் கல்யாணம், காலேஜ் விழா என்று வாசித்த பிறகு, பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி நம் முதல் ஆல்பத்தை வெளியிடச் சம்மதித்தது. "எழுபது வளைவு" என்று பெயர் வைத்தது நீதான். மலையேறும் ரோட்டில் அத்தனை வளைவு என்பதை பெங்களூர்க்காரர்களுக்கு விரலால் வளைத்துக் காட்டி விளக்கினாய்.

சேலத்தில் ஸ்டூடியோ பிடித்துப் பதிவைத் தொடங்கினோம். மூன்றாம் நாள் காலை நீ மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாய். உதடு வெளுத்திருந்தது. முருகேசனிடம் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு உன்னை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் வெகுநேரம் உன் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?"

"ஆமாங்க. ஆறாவது படிக்கறப்ப."

"அதுல இருதய வால்வு கெட்டுச் சுருங்கியிருக்கு. தள்ளிப் போடக் கூடாது. உடனே அட்மிட் ஆகிடுங்க."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாய். "இன்னும் மூணு பாட்டுதான் புள்ள. முடிச்சுட்டு வந்து படுத்துக்கறேன். எங்கம்மாகிட்ட மூச்சு விடாத. தெரிஞ்சா இப்பவே வந்து கூட்டிட்டுப் போயிரும்."

சரி என்றேன். உனக்காகச் சம்மதித்ததாக அப்போது நினைத்தேன். நீ போய்விட்டால் அந்த ஆல்பம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சரி என்றேன்.

மீதி மூன்று பாட்டையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடி முடித்தாய். பிறகு, "மிளகு பறிக்க ஆளில்ல. நாலு நாள்ல வாரேன்" என்று சொல்லி மலைக்குப் போனாய். அப்போதும் நான் உன்னைத் தடுக்கவில்லை. ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து உன் குரலைச் சுத்தம் செய்தேன். திரையில் வரிக்கும் வரிக்கும் நடுவே மூச்சு ஒரு சின்ன வீக்கமாகத் தெரியும். முதல் நாள் பாட்டில் வரிக்கு ஒன்று. கடைசி நாள் பாட்டில் வரிக்கு மூன்று. அதில் ஒன்று விசில் போல இழுத்தது. நான் ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். பாட்டு அழகாகிக்கொண்டே வந்தது.

ஹெட்போன் போட்டிருந்ததால் முருகேசன் மூன்று முறை போனில் கூப்பிட்டது கேட்கவில்லை. நாலாவது முறை எடுத்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். தோட்டத்திலேயே உனக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. ஜீப்பில் தூக்கிப்போட்டு இறங்கியிருக்கிறார்கள். பாதி வளைவு கூடத் தாண்டவில்லையாம். உன் அம்மாவின் மடியில் தலை இருந்ததாம்.

ஒரு மாதம் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். "நல்லா இருந்த புள்ள, எப்படி இப்படி ஆச்சுன்னே தெரியலயே கண்ணு" என்று உன் அம்மா என்னிடமே கேட்டார். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியுமுங்கம்மா. டாக்டர் சொன்னப்ப நானும் கூட இருந்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு, "ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல கண்ணு. நாங்க என்ன அவளப் பாடவேண்டாம்னா சொல்லப்போறோம்?" என்றார். கழுவி வைத்துவிட்டு வந்து, "இனிமே நீ இங்க வராத சாமி" என்றார். குரலை உயர்த்தாமல், சாமி என்றுதான் சொன்னார்.

ஆல்பம் வெளிவந்தது. உன் மூச்சைத் திரும்ப வைக்க முடியுமா என்று முருகேசன் கேட்டான். முடியாது. வெட்டியதை அசல் பதிவின்மேலேயே சேமித்திருந்தேன், அசல் என்னிடம் இல்லை.

இப்போது எந்தப் பாட்டிலும் எனக்கு அடி முதலில் கேட்பதில்லை. ஆட்களிடமும் அப்படித்தான். பேசுகிறவர்களின் பேச்சுக்கு முன்னால் அவர்களின் மூச்சு காதில் விழுகிறது. போன மாதம் சேலம் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் ஓடிவந்து ஏறி உட்கார்ந்தாள். மூன்று ஸ்டாப் தாண்டியும் அவளுக்கு இளைப்பு அடங்கவில்லை. "ஏனுங்க, எப்பவும் இப்படித்தான் மூச்சு வாங்குதா? டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டாள். நான் இறங்கும்போது அவள் பக்கம் போய், எல்லாரும் திரும்பிப் பார்க்க, மறுபடியும் கேட்டேன்.