அலமாரியில் சாய்த்த கிடார்

18 ஜூலை 1967, செவ்வாய்

ஆடிக்காற்று. உலர்த்திய புடவையெல்லாம் மண். மத்தியானம் இவர் தெப்பக்குளத்து எங்கள் வாத்தியக் கடையிலிருந்து ஜட்கா வண்டி வைத்து மூன்று பேஸ் கிடார் கொண்டுவந்து இறக்கினார். கல்கத்தா மலிவுச் சரக்கு. கடையில் ஒரே இரைச்சல், அதனால் சோதனை எப்போதும் ஸ்ரீரங்கத்து வீட்டில், என் காதில். "நீ சொன்னா அப்பீலே இல்லே" என்பார்.

கல்யாணத்தோடு என் வீணை தங்கைக்குப் போயிற்று. நாட்டுப்பெண் வாசிக்கக் கூடாதாம், கடைச் சரக்கைப் பார்த்துச் சொல்லலாமாம். என்ன நியாயமோ. சரி என்று சொன்னதெல்லாம் கடைக்குப் போய்விடும். தேறாதது மட்டும் வீட்டுப் பரணில்.

19, புதன்

சிவப்பு: கழுத்து சேருமிடத்தில் போஸ்ட்கார்டு நுழைகிற சந்து. ஆனாலும் சுருதி நிற்கிறது. பாஸ்.

பழுப்பு: மேல் மெட்டுகளில் தந்தி உரசிக் கரகரப்பு. தந்தியைத் தாங்கும் குதிரையைச் சற்றுத் தூக்கினால் போதும். பாஸ்.

கறுப்பு: வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வழக்கம்போல் மர அலமாரியில் சாய்த்து அழுத்தி, கதவில் காதை வைத்து மீட்டினேன். உள்ளே பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. என் வீணையில் இவ்வளவு கீழே இறங்கியதே இல்லை. நெஞ்செலும்பில் கேட்டது. அழுகை வந்துவிட்டது.

கூடத்திலிருந்து மாமியார், "இன்னுமா டெஸ்ட்டு? சாதம் வடிக்கணும்."

"ஒண்ணு சரியா வரலைம்மா, இன்னும் பார்க்கணும்."

21, வெள்ளி

காலையில் இவர் கேட்டார். சிவப்பு, பழுப்பு சரி என்றேன்.

"கறுப்பு?"

"கழுத்து முறுக்கிண்டிருக்கு. தேறாது."

வாய் கூசவில்லை. ஒரு கண்ணை மூடிக் கழுத்து நெடுகப் பார்த்தார். "எனக்கென்னமோ நேராத்தான் தெரியறது. நீ சொன்னா சரி." பரணில் ஏற்றிவிட்டார்.

குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

22, சனி

மாமியார் உபன்யாசம் கேட்கப் போனார். பரணிலிருந்து கறுப்பை இறக்கினேன். விளக்கு வைக்கும்வரை வாசிப்பு. விரல்நுனியில் கொப்புளம். தோசைக்கல் சுட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

24, திங்கள்

காற்றே இல்லை, புழுக்கம். இவர் மத்தியானமே வந்துவிட்டார், கையில் ஸ்க்ரூடிரைவர். பொன்மலை டான்ஸ் கோஷ்டிக்காரர் சிவப்பைக் கேட்டாராம். ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் சத்தமே இல்லை, தந்தியின் அதிர்வை வாங்கி அனுப்பும் பிக்கப் போயிருக்கிறது. "அலமாரியிலே வச்சா அது எப்படித் தெரியும், உன்மேல தப்பில்லே" என்றார்.

ஸ்டூல் போட்டுக் கறுப்பை இறக்கினார். "நல்ல வேளை, இது தேறாதுன்னு ஒதுக்கி வச்சே. இதோட பிக்கப்பை எடுத்து அதுல போட்டுடறேன்."

பொய் சொன்னேன் என்று தெரிந்தால் இனி எந்தக் கிடாரும் இந்த வீட்டுப் படி ஏறாது. ஸ்க்ரூக்களைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். தந்திகளும் கழன்றன. கழுத்து தனியாக வந்தது. மாமியார் வந்து உடம்பைத் தட்டிப் பார்த்தார். "நல்ல கட்டை. அறுத்தா காய் நறுக்க ஆகும்."

"இதுல வேற ஏதாவது தேறுமா?" என்று என்னைக் கேட்டார் இவர்.

"தேறாது" என்றேன்.