இடையில்லாத எறும்பு

இன்று காலை குதிகாலில் முள் ஏறிவிட்டது. அதைக் கிளப்ப ஊசியை மெழுகுதிரியில் காட்டினேன். நுனி சிவந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. முள்ளை எடுக்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உன் வாப்பா மக்காவிலிருந்து கொண்டுவந்த தஸ்பீஹ் மாலை, அவர் மௌத்தான பிறகு உன் கைக்கு வந்தது. அதில் ஒரு மணிக்குள் கறுப்பாக ஏதோ கிடந்தது. அழுக்கு என்றுதான் உங்கள் வீட்டில் நினைத்திருந்தீர்கள். நாம் இருவரும் விஞ்ஞானம் படிப்பித்த கல்முனைப் பள்ளிக்கூடத்தில், ஓர் இடைவேளையில், சும்மா அதை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தாய். நீ கத்திய கத்தலில் அதிபரே ஓடிவந்தார்.

"கால் இரிக்கி கா! ஆறு கால்!"

மரப்பிசின் இறுகி அம்பர் கல்லாகி, அதற்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த எறும்பு. அதன் இனமே இன்று பூமியில் இல்லை. பல்கலைக்கழகத்தில் நான் எறும்புகளைத்தான் ஆய்வு செய்தேன் என்பதால் வகைப்படுத்தும் வேலையை என் தலையில் கட்டினாய். "என்ட பேர வெய் புள்ள. எனக்குப் புள்ளகுட்டியும் இல்ல, எறும்புக்காவது என்ட பேர் இரிக்கட்டும்." பகிடியாகத்தான் தொடங்கினாய். மார்பில் கட்டி என்று தெரிந்தபின் அது பகிடியாக இல்லை.

எறும்பில் முதலில் பார்ப்பது இடையை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே முடிச்சு ஒன்றா இரண்டா என்று எண்ணித்தான் எந்தக் கிளை எனப் பிரிப்போம். தலை தெளிவாக இருந்தது. பின்பக்கத்தை ஒரு குமிழி மறைத்திருந்தது. இடை இருக்கவேண்டிய இடத்தில் நூல் கோக்கும் துளை. அதன் ஓரம் உருகிக் கருகியிருந்தது.

"நான்தான் கா சுட்டன்," என்றாய், முகத்தை நிமிர்த்தாமலே.

பள்ளிக்கூடம் போகிற வயதில் மாலை அறுந்ததாம். இனி அறுந்துவிடக் கூடாதென்று, மீன் பிடிக்கிற தங்கூசி நூலில் கோத்தாயாம். அந்த ஒரு மணியில் மட்டும் நூல் போகவில்லை. ஊசியைச் சூடாக்கித் துளையைப் பெருப்பித்தாய். வாப்பா மகிழ்ந்துபோய் உனக்காக துஆச் செய்தாராம். நான் என்ன செய்தேன்? ஏசினேன். அல்லாஹ்வே, ஒரு நோயாளியைப் பிடித்து எவ்வளவு ஏசினேன்!

வெளிநாட்டில் இத்துறை தெரிந்த ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். இடையில்லாமல் பேரிட முடியாது என்று எழுதினார். ஸ்கேன் எடுத்தால் தெரியாதா என்று கெஞ்சினேன். எரிந்துபோனதை ஸ்கேன் காட்டாது என்று பதில் வந்தது.

அந்தப் பதிலோடுதான் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்தேன். தலைமாட்டில் உன் உம்மா யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். நீ கண்ணைத் திறந்து, "என்னயாம்?" என்றாய்.

"முடிச்சு ஒண்டுதான் புள்ள. புது இனமாம். ஒன்ட பேர வெச்சாச்சி."

பிள்ளைகளின் ஒரு பிழையான விடையைக்கூட விடாதவள், ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினாய். "கேட்டீங்களா உம்மா," என்று அவர் பக்கம் திரும்பினாய். மூன்றாம் நாள் உன் ஜனாஸாவை அடக்கினார்கள்.

புதிய கருவி ஏதும் வரும், வேறெங்காவது இதே எறும்பு இன்னொன்று கிடைக்கும் என்றெல்லாம் சில காலம் நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை. இடை எரிந்துபோனபின், தலையை மட்டும் வைத்து அதுவும் இதுவும் ஒன்றென்று எப்படிச் சொல்வேன்?

போன கிழமை மருதமுனையில் ஒரு கலியாண வீடு. உன் உம்மா என் கையைப் பிடித்துப் பெண்களுக்கு நடுவே இழுத்துப்போனார்.

"என்ட மகள்ர பேர எறும்புக்கு வெச்ச புள்ள இவதான். அவட பேர் போட்ட புத்தகம் எப்ப மனே வரும்? எனக்குக் கண் மங்கிக்கிட்டு வருது."

"வார வருசம் உம்மா."

"போன வருசமும் அப்பிடித்தான் சொன்ன," என்று சிரித்தார். அதில் கோபமில்லை, சந்தேகமுமில்லை. உன்னைப்போலவே நம்புகிறார். உண்மையைச் சொன்னால் உன்னை அவர் இன்னொரு தடவை அடக்கவேண்டிவரும். என்னால் அது முடியாது. அடுத்த வருடமும் கேட்பார், அடுத்த வருடமும் இதையே சொல்வேன்.