பராஜுக்கு அர்த்தம்

தாராவி,
ஜூன் 3

நம் வீட்டின் ஒரே வெடிச்சத்தமான நாகராஜ் அண்ணனுக்கு,

மாரீஸ்வரி எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் 'நலம்' என்று ஒரே குண்டைத்தான் போடுவாய். உன் எல்லைப் போஸ்ட்டில் ஃபோனும் கிடையாது, திட்டக்கூட வழியில்லை.

போன கடிதத்தில் 'இங்கே பராஜ் நடக்கிறது, பயப்படாதே' என்றாய். டீச்சரைக் கேட்டால் அது ஆற்றுத் தடுப்பணையாம். பீரங்கியை விட்டுவிட்டுக் கொத்தனார் வேலைக்குப் போய்விட்டாயா? ஒழுங்காக அர்த்தம் எழுது.

மாலதி அக்காவுக்கு 18ஆம் தேதி காலை நர்சிங் காலேஜ் இன்டர்வியூ. அதே காலையில் நெருளிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டாரை அவளைப் பெண் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார் அப்பா. அக்கா அழுகிறாள். "ஒருத்தன் போனது போதும்" என்கிறார் அவர். நீ பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து உனக்கு இந்த வீட்டில் அதுதான் பெயர். ஒருத்தன்.

உன் வாலு,
மாரீஸ்

*

ஜூன் 10

அன்புள்ள வாலுக்கு,

டீச்சர் சொன்னதும் சரிதான். எங்களுக்கு அது குண்டுகளால் கட்டுகிற தடுப்பு. யாரையும் குறிபார்த்து அடிப்பதல்ல. நம் ஆட்கள் நடக்கும் பாதைக்கு முன்னால் வரிசையாக விழுந்துகொண்டே இருக்கும். எதிரி தலை தூக்க மாட்டான். அதற்குள் நம்மவர்கள் கடந்துவிட வேண்டும். பேப்பர்காரர்கள் நாலு கேள்வி சேர்ந்தாற்போல் கேட்டாலே பராஜ் என்கிறார்கள். அதை நம்பாதே.

எனக்கு லீவு இல்லை. மாலதியை அழ வேண்டாம் என்று சொல். அப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

நாகராஜ்

*

தாராவி,
ஜூன் 19

அண்ணே, போட்டாச்சு பராஜ்!

நேற்று நெருள்காரர்கள் சந்து முனையில் இறங்கியதும் மாடியில் நின்று "பானி ஆயா! தண்ணி வந்தாச்சு!" என்று கத்தினேன். விடியலிலேயே வந்து நின்றுபோன குழாய் பத்து மணிக்கு ஏன் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. நம் சந்தில் யோசிப்பவர்களுக்குக் குடம் நிறையாது. நஸீரா சாச்சி டிரம்மோடு, இசக்கி சித்தி குடங்களோடு, சந்தே ஓடியது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். அக்கா சர்டிபிகேட்டுகளை பக்கெட்டில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள்.

அப்பாவை மறந்துவிட்டேன். சந்து முனையில் நம் பெரிய டிரம்மைக் குறுக்கே வைத்து நின்றார். அக்கா அவரை உரசாமல் போக முடியாது. பக்கெட்டுக்குள் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். டிரம்மை ஒரு முழம் நகர்த்தினார். அவள் போனதும் மறுபடி குறுக்கே வைத்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்க, தண்ணி வருது" என்றார் நெருள்காரர்களிடம்.

குழாயில் ஒரு சொட்டு இல்லை, அண்ணே.

சாயங்காலம் கூப்பிட்டார். "ஏட்டி, யாரு சொல்லித் தந்தா இத?"

நீ எழுதிய அர்த்தத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எதிராளியும் இப்படித்தான போடுவான்? அப்போ நம்ம நாகராஜு தலைய எங்க வைப்பான்?"

நாகராஜு என்றார். ஒருத்தன் என்று சொல்லவில்லை.

அடுத்த கடிதம் எனக்கு வேண்டாம், அவருக்கு எழுது. 'நலம்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதே.

மாரீஸ்வரி