சிவப்புக் கயிறு இல்லாத வண்டிக்கு இட்ட தண்டம் குறித்து

அலை ஓயாத பவளத்துறை நாட்டின் நீதி காக்கும் பெருமந்திரி கொற்றங்கோதையார் திருமுன், குன்றவேலி அரசரின் ஓலை அதிகாரி வயிரவணன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அரசரின் குடைநிழல் குளிர்க. தங்கள் துறையில் கலங்கள் குறையாதிருக்க. தங்கள் நாட்டுப் பிள்ளைகள் பசியறியாது வளர்க.

விடியுமுன் எழுகிறேன். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறேன். பழைய சோறு இருந்தால் உண்கிறேன். வண்டி பூட்டி மலைச்சரிவில் இறங்கி, தங்கள் எல்லைச் சாவடியைக் கடந்து, வணிகர் தெருவுக்கு வருகிறேன். கடிகையில் என்னோடு பயின்ற சேந்தனின் வீட்டில் என் மகள் வளர்கிறாள். அவள் பிறந்த அன்றே என் மனைவி தேமொழி இறந்தாள். பசும்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்ச் செவிலியரின் பாலையும் அது ஏற்கவில்லை. சேந்தனின் மனைவி நல்லினி, தன் கைக்குழந்தையோடு இதற்கும் பாலூட்டுகிறாள். மகளைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு அரண்மனைப் பணிக்குத் திரும்புகிறேன்.

தெருமுனையிலுள்ள வண்டிப்பேட்டை அரசுடையதன்று. வணிகர் குழுவுக்கு உரியது. விருந்தினர் வண்டியின் நுகத்தில், அவரை ஏற்கும் வீட்டார் தந்த சிவப்புக் கயிறு இருக்கவேண்டும் என்பது குழுவின் விதி. சேந்தன் தந்த கயிறு முதல்நாள் தொட்டு என் நுகத்தில் இருந்தது. எங்கள் நாட்டிலோ மாதச் சடங்குக்குப் பின் துக்க வீட்டு வண்டியில் சிவப்பு ஏதும் இருத்தல் ஆகாது. மாதச் சடங்கு முடிந்த மாலை என் மாமனார், வண்டியின் குஞ்சங்களோடு அக்கயிற்றையும் அவிழ்த்து ஆற்றில் விட்டார். மகளை இழந்தவர் செய்யவேண்டியதைச் செய்தார். மறுநாள் நானே மாடு பூட்டினேன். கயிறு இல்லாதது கண்ணில் படவில்லை.

நாள்தோறும் வருபவனை அறியீரோ என்று, வண்டியைத் தடுத்த பேட்டைக் காவலரைக் கேட்டேன். நன்றாக அறிவதாகவும், ஆயினும் ஆள் பார்த்து இடம் விடத் தொடங்கினால் தம் மைத்துனர்களின் வண்டிகளுக்கே பேட்டை போதாது என்றும் அவர் கூற, நின்றவர்கள் சிரித்தனர். நுகத்தில் சுண்ணாம்புக் குறி இட்டுத் தண்டம் விதித்தார்.

தண்டத்தின் அளவு பற்றி எனக்கு வழக்கில்லை. அங்கேயே செலுத்த முன்வந்தேன். குழுத்தலைவர் தடுத்து விளக்கினார். செலுத்துபவன் அத்துமீறியவன் என்று தானே ஒப்புக்கொண்டவனாவான். ஓராண்டு அவன் அத்தெருவில் கால் வைக்கலாகாது, தெருவார் அவனை வெளியிலும் சந்திக்கலாகாது. செலுத்தாவிடில், வரும் பௌர்ணமியன்று அவனை ஏற்ற வீடு பூட்டப்படும். சேந்தனுக்கு அதன்பின் போக்கிடம், கடல் தாண்டிய மாமனார் வீடு ஒன்றே. இரண்டில் எது நடந்தாலும் என் மகளை நான் காணமுடியாது. அவள் மெலிந்த குழந்தை. ஓராண்டில் அவளுக்கு ஏதேனும் நேர்ந்தால் எனக்குச் சொல்லவும் ஆளிராது.

அஞ்சுகிறேன். இப்போது வண்டியைச் சாவடியில் விட்டு நடந்து வருகிறேன். தெரு திரும்புமுன் நின்றுவிடுகிறேன். அவ்வாயிலில் பூட்டு தொங்குமோ என்று, அடுத்த அடி வைக்க நேரமாகிறது.

இறப்பவரின் கடைசிச் சொல்லை எந்தக் குழுவின் விதியும் மீறலாகாது என்பதும், அச்சொல் முறையீட்டில் இலச்சினைக்குக் கீழே எழுதப்படவேண்டும் என்பதும் தங்கள் நாட்டு வழக்கம். குழந்தையை நல்லினியிடம் சேர்த்து நாள்தோறும் சென்று காணுமாறு தேமொழி கூறினாள் என எழுதும்படி சேந்தன் மன்றாடினான். மறுக்க யாருமில்லை என்றான். என் மாமனாரும் அதையே சொன்னார். நல்லினி என் மகளின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவ்வாறே எழுதினேன். பின் அவ்வோலையை அடுப்பிலிட்டேன். அரசரின் இலச்சினைக்குக் கீழே பொய் நிற்கலாகாது என்பது ஒரு காரணம். மற்றது, அவையில் அது வாசிக்கப்பட்டு ஊரார் வாயில் புழங்கினால், நாளடைவில் எனக்கும் அதுவே நினைவில் நிற்கும். அதற்கு இன்னும் அதிகமாக அஞ்சுகிறேன்.

ஆதலால் இரு நாட்டு வழக்கங்கள் ஒரு நுகத்தில் மோதியதன்றி என்னிடம் அத்துமீறல் இல்லை என்று கண்டு, இத்தண்டத்தை நீக்கியருளுமாறும், சேந்தனின் வீட்டுக்குத் தீங்கு வாராது காக்குமாறும் வேண்டுகிறேன்.

இவ்வோலை அவையில் முழுதும் வாசிக்கப்படுக. தங்கள் முடிவு பௌர்ணமிக்கு முன் எல்லைச் சாவடியில் அறிவிக்கப்படுக. இது குன்றவேலி அரசர் கேட்டு இசைந்தது. அவரது இணைக்களிற்று இலச்சினை இங்கே பதிந்தது. இரு நாடும் நலம் காண்க.

இலச்சினைக்குக் கீழ், வழக்கப்படி:

மருத்துவச்சியை ஏற்றிக்கொண்டு உச்சிவெயிலில் வந்து, வண்டியை வாசலில் விட்டு உள்ளே ஓடினேன். தேமொழி என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். அதைச் செய்ய வெளியே போனேன். திரும்பியபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் உயிரோடு இல்லை. அவள் சொன்னது இது:

“மாட்ட வெயில்ல விட்டுட்டு வந்துட்டீங்களே. நெழல்ல கட்டிட்டு வாங்க.”